பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதவர்

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டுக் கேட்டே ஊரில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டவர் அவர். குரலை உயர்த்த மாட்டார், முகத்தில் குத்தலும் இருக்காது. நேரம் என்ன என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்பார். அதனாலேயே கேட்கப்பட்டவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பதில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வியால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. பதில் இல்லாதவர்கள்தான் அவரைத் திமிர் பிடித்தவள் என்றார்கள்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் முனைவர் பட்டத்துக்காக மாரடித்துக்கொண்டிருந்த காலத்தில் அங்கே ஆய்வக உதவியாளராக இருந்தார். பதினோரு வருடமாகத் தினக்கூலி. பூதலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்து போவார். விலங்கியலில் பட்டம் வாங்கியவர், அதுவும் முதல் வகுப்பில். இது துறையில் பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். நேற்று வந்து சேர்ந்த மாணவன்கூட அவரை "வா, போ" என்பான். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அதற்காக நான் ஒன்றும் உயர்ந்தவள் இல்லை என்பது இந்தக் கட்டுரை முடிவதற்குள் தெரிந்துவிடும்.

எங்கள் ஆராய்ச்சி பாலைவன ஓணான்களைப் பற்றியது. சன்னலைத் திறந்தால் வாய்க்காலும் நாற்றங்காலும்தான் தெரியும். உள்ளே ராஜஸ்தான் மணல்காட்டு ஓணானின் வால் நுனி குப்பி குப்பியாக அடுக்கியிருக்கும். வேதாரண்யம் பக்கத்துக் கடலோர மணல்மேட்டில் வாழும் ஓணானும் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். மணலில் ஓடுவதற்கு அதே நீளக் கால், அதே மணல் நிறத் தோல். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளா, இல்லை தனித்தனியாக மணலுக்குப் பழகி ஒரே சாயலுக்கு வந்தவையா? இதை டி.என்.ஏவைப் படித்துச் சொல்ல வேண்டும். வனத்துறை அனுமதியோடு ஓணானைப் பிடித்து, வாலில் அரிசி அளவு நுனியை மட்டும் எடுத்துக்கொண்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம்.

சேர்ந்த புதிதில் இந்த டி.என்.ஏ சமாச்சாரத்தை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் துறைத்தலைவர் இல்லை. அவர் இரண்டு மணி நேரம் படம் போட்டுக் காட்டியும் எனக்குத் தலைசுற்றல்தான் மிச்சம். அக்கா குப்பிகளைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"எங்க தாத்தாவோட குத்தகைச் சீட்டுல சர்வே நம்பர ஒருத்தர் தப்பா எழுதிட்டாரு பாப்பா. அதப் பாத்து எழுதின நகல் எல்லாத்துலயும் அதே தப்பு வந்துச்சு. அப்பறம் அந்த நகல்ல ஒண்ணுல இன்னொரு தப்பு. அதுலேருந்து எழுதினதுல ரெண்டு தப்பும் இருக்கு. எந்தத் தப்பு எதுல இருக்குன்னு பாத்தா, எத வச்சு எத எழுதினாங்கன்னு தெரிஞ்சுரும். அதானே நீங்களும் பண்றீங்க?"

அதைத்தான் பண்ணிக்கொண்டிருந்தோம். பின்னால் நான் வகுப்பெடுக்கப் போன இடத்திலெல்லாம் இந்தக் குத்தகைச் சீட்டைத்தான் சொன்னேன். யார் சொன்னது என்று ஒருநாளும் சொன்னதில்லை. இதை எழுதும்போது என்மேலேயே கோபமாக வருகிறது.

ஒருமுறை ராஜஸ்தானுக்குப் போய்வந்த ஒரு மாணவன் நாற்பது குப்பிகளைக் கொண்டுவந்து பெருமையாக மேசைமேல் வைத்தான். அக்கா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஆறு குப்பிகளைத் தனியாக எடுத்து வைத்தார்.

"தம்பி, இத எங்க புடிச்சீங்க?"

"மணல்லதான். பாலைவனத்துல வேற எங்க புடிப்பாங்க?"

"ஓணான் வால்னா சொரசொரன்னு இருக்கும். இது வழவழன்னு இருக்கு. நீங்களே பாத்து புடிச்சீங்களா, இல்ல யாராச்சும் குடுத்தாங்களா?"

அவன் நேரே போய்த் துறைத்தலைவரிடம் புகார் சொன்னான். அவர் அக்காவைக் கூப்பிட்டு, குப்பி கழுவுகிற வேலையை மட்டும் பார்க்கும்படி எல்லார் முன்னாலும் சொன்னார். மூன்று மாதம் கழித்து அந்த ஆறு மாதிரிகளின் முடிவு வந்தது. ஆறும் வீட்டுப் பல்லி. எண்ணிக்கை குறைகிறதே என்று பையன் தங்கியிருந்த லாட்ஜ் சுவரிலிருந்து பிடித்திருக்கிறான். துறையே ஒரு வாரம் சிரித்தது. அக்காவிடம் மட்டும் யாரும், நீ சொன்னது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. ஆறு குப்பிகளிலும் "லாட்ஜ் சுவர்" என்று சீட்டு எழுதி ஒட்டி வேறு தட்டில் வைத்தார்.

அவர் ஊரிலும் இதே கதைதான். ஒரு வருடம் ஐப்பசி மழையில் பயிர் மூழ்கியபோது, கணக்கெடுக்க வந்தவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே அடங்கல் என்கிற பயிர்க் கணக்குப் பதிவேட்டில் எல்லா வயலுக்கும் ஒரே சேதம் எழுதிக்கொண்டிருந்தாராம். அக்கா போய், "வயலப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டிருக்கிறார். பாதி ஊர் அவரை அதட்டியது, ஏனென்றால் அந்த ஒரே கணக்கில் சேதமே இல்லாத நாலு பேருக்கும் லாபம் இருந்தது. அக்கா நகரவில்லை. கடைசியில் அந்த மனிதர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். அக்கா வீட்டு வயலுக்கு முதலில் எழுதியதைவிடக் குறைவாகத்தான் சேதம் வந்தது. "இருந்தது அவ்ளோதான் பாப்பா" என்றார் என்னிடம். இப்படி ஓர் ஆளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கும் என்று அன்றைக்கு நான் கிண்டல் செய்தேன்.

குப்பிகளில் ஆல்கஹால் ஊற்றி வைப்பதிலும் அவருக்கும் துறைத்தலைவருக்கும் ஓயாத இழுபறி. மைனஸ் இருபதில் ஃப்ரீசர் இருக்கும்போது ஆல்கஹால் எதற்கு, வீண் செலவு என்பது துறைத்தலைவர் கட்சி. அக்கா கேட்கவே மாட்டார். ஒவ்வொரு வால் நுனியையும் சுத்தமான ஆல்கஹாலில் போட்டு, இரண்டு நாள் கழித்து அதை மாற்றி, மறுபடி ஊற்றித்தான் ஃப்ரீசருக்குள் வைப்பார். "புயலுக்கப்பறம் எங்க ஊர்ல பதினாறு நாள் கரண்டு இல்ல சார். ஃப்ரீசரு கரண்ட நம்பித்தான நிக்குது" என்பார். ஸ்டோரில் இருந்தவர், கேட்கிற அளவைப் பார்த்தால் நீயே குடிக்கிறாய் போலிருக்கிறது என்று இளிப்பார். அதற்கும் அக்கா முகம் மாறாமல், "குடிச்சத பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு வருவார்.

தினமும் மாலையில் கிளம்புவதற்கு முன்னால் ஃப்ரீசரின் பச்சை விளக்கைப் பார்த்து, நோட்டில் நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவார். ரயில் போனாலும் பரவாயில்லை என்று அதைச் செய்வார். பதினோரு வருடத்து நோட்டுகள் வெளியே அலுவலக அலமாரியில் இருந்தன.

இனி அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியானம் துறையில் பூஜை. காலையிலிருந்து அக்காதான் மைக்ராஸ்கோப் முதல் மின்விசிறி வரை துடைத்தார், தரையைக் கழுவினார். எல்லாம் பளபளவென்று ஆனதும் அலுவலக சூப்பரின்டென்டன்ட், "நீ போய் வாழக்கன்னு வாங்கிட்டு வந்துரும்மா" என்றார். வாங்கிவந்ததும், பொரி குறைகிறது என்று மறுபடி அனுப்பினார். வருடா வருடம் இப்படித்தான். சந்தனம் வைக்கிற நேரத்தில், கற்பூரம் காட்டுகிற நேரத்தில், அக்கா எங்கேயாவது கடைத்தெருவில் இருப்பார். சாதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுத்ததில்லை. எடுக்காமலே எல்லாருக்கும் புரிந்திருந்தது. எனக்கும் புரிந்திருந்தது. நான் உள்ளே தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன்.

துறைத்தலைவர் ஒவ்வொரு இயந்திரமாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். சென்ட்ரிஃப்யூஜை அணைத்தார், பி.சி.ஆர் மெஷினை அணைத்தார். பூஜைக்கு வைத்த கருவியை மறுநாள் வரை தொடக் கூடாதே. ஃப்ரீசர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. "எல்லாரும் ரெஸ்ட் எடுக்கறாங்க, இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? தீபாராதன முடியற வரைக்கும் கொஞ்சம் கண்ண மூடட்டும்" என்று சிரித்தபடி சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தார். நாங்களும் சிரித்தோம். தீபாராதனை முடிந்தது, சுண்டல் வந்தது, போட்டோ எடுத்தோம். பூஜை போட்ட அறைக்குள் யாரும் போக வேண்டாம் என்று அவரே கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பொரி மூட்டையோடு திரும்பிய அக்கா பூட்டைப் பார்த்தார்.

"சார், பச்ச வெளக்கு பாத்து எழுதணும்."

"பூஜ முடிஞ்சு பூட்டியாச்சும்மா. ஒருநாள் எழுதலன்னா குடி முழுகிடாது. நீ ரயிலப் புடி."

நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே, "அறை பூட்டியிருந்தது, பார்க்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போனார்.

சனி, ஞாயிறு எல்லாம் சேர்ந்து ஐந்து நாள் விடுமுறை. திறந்தபோது ஃப்ரீசரின் அடியில் தண்ணீர் குளம் கட்டியிருந்தது. கதவில் வைத்த சந்தனம் கரைந்து வழிந்திருந்தது. உள்ளே இருந்த என்சைம் எல்லாம் கெட்டுப்போயிருந்தது. நான்கு வருட ஓணான் மாதிரிகளும் போய்விட்டன என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த டெல்லி அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். துறைத்தலைவரின் முகம் வெளிறிவிட்டது. அதுவரை அவர் செய்தது தவறு மட்டும்தான். சிரித்துக்கொண்டே அணைத்ததைத் திரும்பப் போட மறந்தது யாருக்கும் நடக்கக்கூடியது. அதற்குப் பிறகு செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் அவர் அறையில் எங்களை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு அக்காவிடம் ஒரு தாளை நீட்டினார். துடைக்கும்போது கவனக்குறைவாக ஃப்ரீசரை அணைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று டைப் அடித்திருந்தது. அக்காவை நிரந்தரமாக்கும் கோப்பு அப்போது கல்லூரி முதல்வர் மேசையில் இருந்தது. அது எல்லாருக்கும் தெரியும்.

"கையெழுத்து போட்டுரும்மா. மன்னிப்புன்னு எழுதிட்டா அதோட முடிஞ்சுது. உன் ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேன்."

"நான் அணைக்கலையே சார்."

"அப்ப யாரு அணைச்சது? சொல்லு."

"நான் பாக்கல. பாக்காம ஒருத்தர் பேர எப்படி சொல்றது?"

நினைத்துப் பாருங்கள். யார் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பூட்டியவர் யார், சாவி யாரிடம் இருந்தது என்பதெல்லாம் தெரியும். இருந்தும் தன் கண்ணால் பார்க்காததை வாயில் எடுக்க மறுத்தார், தன் பிழைப்பே கைவிட்டுப் போகிற நேரத்திலும். அந்த ஒரு பிடிவாதத்தை வைத்தே அவரைச் சாய்த்தார்கள். பேர் சொல்ல முடியவில்லை பார், அப்படியானால் நீதான் என்றார் சூப்பரின்டென்டன்ட், அன்றைக்குத் தானே அவரைப் பொரி வாங்க அனுப்பியதை மறந்துவிட்டு.

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். எட்டுப் பேர் நின்றோம்.

"நான் அணைச்சத இங்க யாராச்சும் பாத்தீங்களா? இல்ல, வேற யாராச்சும் அணைச்சத பாத்தீங்களா?"

பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ பாத்தியா பாப்பா?"

என் ஆய்வேட்டில் துறைத்தலைவர் கையெழுத்துப் போட இன்னும் ஐந்து மாதம் இருந்தது. "நான் கவனிக்கலக்கா" என்றேன்.

மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வர வேண்டியதில்லை என்று ஓர் உத்தரவு போட்டார்கள். "கவனக்குறைவு காரணமாக" என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போடாத அந்தத் தாளை மடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு அவர் நாலரை மணி பாசஞ்சருக்குப் போனார்.

இன்னும் கேளுங்கள். புது என்சைம் வந்ததும் நான் மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தேன். ஒன்றுகூடக் கெடவில்லை. அத்தனையும் ஆல்கஹாலில் ஊறி, நேற்று எடுத்தது போல இருந்தன. யாருடைய வீண் செலவு என்று நான் சொல்லத் தேவையில்லை. துறைத்தலைவர் அறைக்கு ஓடினேன்.

"சார், எல்லாம் நல்லா இருக்கு. அக்காவ திரும்பக் கூப்ட்ரலாமா?"

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு, "ரிப்போர்ட் போயாச்சும்மா. இப்ப மாத்தினா நாமதான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார்.

நாமதான் என்றார். அதில் என்னையும் சேர்த்துக்கொண்டார், நானும் சேர்ந்துகொண்டேன். ஓணான் விஷயத்தில் உண்மை வெளிவந்தது. கடலோர மணல் ஓணானுக்கும் பாலைவனத்து ஓணானுக்கும் நெருங்கிய உறவு இல்லை. பக்கத்து வறண்ட காட்டு ஓணான்தான் அதற்குச் சொந்தம். வெறும் சாயலைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்று கட்டுரையில் எழுதி உலகத்துக்கே அறிவுரை சொன்னோம். நன்றி சொல்லும் பகுதியில் ஜீப் ஓட்டியவர் பெயர்கூட இருந்தது. மாதிரிகள் நல்ல முறையில் பாதுகாக்கப்பட்டன என்று ஒரு வரி போட்டோம். எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது.

போன மாதம், துறைத்தலைவர் ஓய்வு பெறுவதை ஒட்டி ஒரு பாராட்டு மலர் வருவதாகவும், அவருடைய நேர்மையைப் பற்றி நான் நாலு பக்கம் எழுத வேண்டும் என்றும் ஃபோன் வந்தது. நேர்மை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூதலூருக்குப் பஸ் ஏறினேன். இப்போது எனக்கு அரசுக் கல்லூரியில் நிரந்தர வேலை, யாருடைய கையெழுத்துக்கும் நான் காத்திருக்கவில்லை. ஒன்பது வருடம் கழித்து வந்த இதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா ஊரில் பெண்கள் குழுவோடு சேர்ந்து, நடவு மெஷினுக்குப் பாய் போலச் சுருட்டி எடுக்கும் நாற்றங்கால் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஈரத் துணியில் முளைத்த நெல்லை எண்ணிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், "வா பாப்பா" என்று கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"நான் பாத்தேங்க்கா. சார்தான் அணைச்சாரு. தட்ட வச்சுக்கிட்டு நான் பக்கத்துலதான் நின்னேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"எழுதிக் குடுக்கறியா?" என்றார்.

"குடுக்கறேங்க்கா. நாளைக்கே முதல்வருக்கு அனுப்பறேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"காலேஜுக்கு என்னமோ செஞ்சுக்க. அங்க எனக்கு இனிமே ஒண்ணும் ஆகப் போறதில்ல. அந்த வேலைக்கு வயசு தாண்டிப்போச்சு. எனக்கு ஒண்ணு எழுதிக் குடு. என் பொண்ணுகிட்ட காட்டணும்."

அவர் மகளுக்கு அப்போது பத்து வயது. இப்போது நர்சிங் படிக்கிறாள்.

"உத்தரவுல கவனக்குறைவுன்னு எழுதியிருந்துச்சுல்ல. ஊரே அதத்தான் நம்புச்சு. நான் இல்லன்னு எத்தன தடவ சொன்னாலும், 'வேல மும்முரத்துல தெரியாம கை பட்டிருக்கும்மா, விடு, யாரு பண்ணல'ன்னு என்னத் தேத்துது எம் பொண்ணு. என்மேல பாசந்தான். ஆனா நம்பல."

அவர் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். பார்த்ததை மட்டும் எழுதினேன். யார், எந்த ஸ்விட்ச், எப்போது பூட்டினார், அக்கா எங்கே இருந்தார், கேட்டபோது நான் என்ன பொய் சொன்னேன். என் பெயர், பதவி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அக்கா ஒரு முறை படித்துவிட்டு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார்.

அந்தப் பெண் நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அம்மா அப்பலேருந்து இதான் சொல்லுச்சு மேடம்" என்றாள். "நான்தான் நம்பல." சொல்லிவிட்டு அழுதாள்.

அக்கா அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அழாத. நீ சின்னப் புள்ள, அந்த எடத்துல இல்ல. உனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்கு அப்படிச் சொன்னார். என்னிடம், ரெண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது என்று சொன்னார்.